சாவு வீட்டில் சொன்ன சொல்

வியாசர்பாடியில் பந்தாடத் தெரிந்த பையன் உண்டு, பந்தாடத் தெரியாத பையன் உண்டு, பந்தாடாத பையன் மட்டும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் பிறந்து, சந்துக்குள்ளே செருப்புகளை கோல் கம்பங்களாக வைத்து ஆடி, பிறகு கொல்கத்தா, கோவா, பெங்களூர் என்று ஊர் ஊராக ஜெர்சி மாட்டிக் கழற்றி, முப்பத்தாறு வயதில் வலது முட்டியில் தீராத வலியோடு வீட்டுக்குத் திரும்பியிருந்த தேசிங்கு என்கிற நடுக்கள ஆட்டக்காரனை, உலகத்தின் வடக்குக் கோடியில் மரம் முளைக்காத, ஆடுகள் மட்டும் மேய்கிற ஒரு தீவிலிருந்த கிளப், எங்களுக்கு ஆட வா என்று அழைத்தது. யார் சிபாரிசு, எப்படி நடந்தது என்று கேட்டால் அதில் ஒரு ஏஜெண்டும் ஒரு பழைய வீடியோவும் வரும், நமக்கு அது வேண்டாம். தீவின் பெயரையும் விட்டுவிடலாம், தேசிங்கே கடைசிவரை அதை ஒழுங்காகச் சொன்னதில்லை.

அவன் மனைவி அமுலுவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிற வேலை வாசல்வரை வந்து நின்றது. "அத உட்டுட்டு முட்டி போன காலத்துல ஐஸு மேல ஓடப் போறியாய்யா நீ" என்று கேட்டவள், அதற்குப் பிறகு பேச்சையே நிறுத்திவிட்டாள். கிளம்புகிற அன்று விடியற்காலையில் பெட்டியை வெளியே வைத்து, தூங்கிக்கொண்டிருந்த மகள் தாரணியின் நெற்றியைத் தொட்டுவிட்டு, வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்றான். இதற்கு எந்த வீட்டிலும் ஒரு பதில் உண்டு. "போயிட்டு வா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரவேண்டும், கோபமாகவாவது வரவேண்டும், அது வந்தால்தான் போகிறவனுக்குக் கால் எழும்பும். அமுலு மிக்ஸியைப் போட்டாள். உள்ளே தேங்காய்கூட இல்லை, வெறும் மிக்ஸிதான் ஓடியது என்று பின்னாளில் அவளே சொன்னாள். தெருமுனையில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், பதில் வாங்காமலே தேசிங்கு கிளம்பிப் போனான்.

தீவில் இறங்கிய மறுநாள் பிராக்டிஸ் இருக்கும் என்று நினைத்திருந்தான். சாவு இருந்தது.

இவனுக்கு முன்னால் அந்த கிளப்பின் நடுக்களத்தில் ஆடியவன் யோவான். நாற்பதைத் தாண்டியும் விடாமல் ஆடி, இனி முடியாது என்று அவனே சொன்ன பிறகுதான் கிளப் வெளியே ஆள் தேடியது. ஆள் வந்து இறங்குகிற வாரத்தில், மீன் பதனிடும் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். யோவான் என்கிறவர்களை அந்தத் தீவில் யோவ் என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள், ஊர் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். முகத்தில் பாதிக்குமேல் தாடியாக இருந்த கோச் ஹானுஸ், தேசிங்குவுக்குத் தொளதொளவென்று ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டு, "அவன் இடத்துக்கு வந்தவன் நீ, நீ வராம எப்படி" என்று அழைத்துப் போனார்.

துறைமுகத்துக்கு மேலே சரிவில், சிவப்புக் கூரை போட்ட வீடு. புதைத்துவிட்டு வந்தவர்களுக்குக் காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள், யாரும் சத்தம்போட்டு அழவில்லை, மேளமில்லை, மாரடிப்பில்லை, இதென்ன சாவு என்று தேசிங்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போனால் கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு சும்மா நழுவிவிட வேண்டும், ஏனென்றால் விடைபெற நமக்கு வாயில் வருகிற சொல்லுக்குள் ஒரு "வரேன்" உட்கார்ந்திருக்கிறது, அதை அங்கே சொல்லலாகாது. அது தேசிங்குவுக்கும் தெரியும். ஆனால் அந்தத் தீவில் கிளம்புகிற ஒவ்வொருவரும் வரிசையில் நின்று, யோவானின் மனைவி மார்கிட்டின் கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்கள். வரிசை நகர்ந்தது. இவன் முறை வந்தது. கை அந்த அம்மாளின் கையில் இருக்கிறது, அவள் இவன் முகத்தைப் பார்க்கிறாள், பின்னால் ஆள் நிற்கிறது, என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்த நேரத்தில் பழகிய வாய் அதுபாட்டுக்குத் திறந்து "போயிட்டு வரேன்" என்றது.

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். மார்கிட் கையை விடவில்லை. "என்ன சொன்னீங்க" என்று இங்கிலீஷில் கேட்டாள். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், வருத்தம் என்று சொல்லியிருக்கலாம், தேசிங்குவுக்குத் தன் ஓட்டை இங்கிலீஷில் பொய் சொல்கிற அளவுக்குத் தெம்பில்லை. இப்போது போகிறேன், திரும்பி வருவேன் என்றான். அன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் அவளிடம் எவ்வளவோ சொல்லியிருந்தார்கள், திரும்பி வருவேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் அவன் கையை இரண்டு கைகளாலும் மூடி, தன் மொழியில் ஒற்றைச் சொல்லாக "வா" என்றாள். வியாசர்பாடியில் கிடைக்காத பதில் அந்தச் சாவு வீட்டில் கிடைத்தது.

மறுநாள் பிராக்டிஸ் முடிந்து, ரொட்டிக்கடை மாடியில் தனக்குக் கொடுத்திருந்த அறைக்குத் தேசிங்கு நடந்தான். கடைக்கு முன்னால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பத்தான் நினைத்தான், கால் இடப்பக்கம் திரும்பி, சரிவில் ஏறி, வேலியில் இவன் பார்த்தேயிராத ஒரு திட்டிவாசலைத் தாண்டி, சிவப்புக் கூரை வீட்டின் பின்வாசலில் போய் நின்றது. கை தாழ்ப்பாளைத் தள்ளியது. கால் இரண்டும் மிதியடியில் தேய்ந்தன, முதலில் இடது, பிறகு வலது, பிறகு மறுபடியும் இடது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மார்கிட் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். "யோவ் இப்படித்தான் துடைப்பான்" என்று, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

அன்றிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் அவன் அந்தப் பின்வாசலில்தான் போய் முடிந்தான். கடற்கரைப் பக்கம் போனாலும் அங்கே, மாதாகோயில் பக்கம் போனாலும் அங்கே. ஹானுஸ் தன் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ரொட்டிக்கடை வாசலிலேயே இறக்கிவிட்டுப் பார்த்தார், மாடிப்படியில் கால் வைத்தவன் மார்கிட் வீட்டு மிதியடியில் இடது காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். ஊர் இதை அதிசயம் என்று எண்ணிக் கூடி நிற்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவேறி வந்து கொடுத்துவிட்டு, அறையை வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டார். தபால்காரர் விலாசத்தை மாற்றிக்கொண்டார். பாதிரியாரிடம் கேட்டதற்கு, வேதத்தில் கால்களைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார்.

மார்கிட் கீழே வலை வைக்கிற அறையைக் கழுவிக் கொடுத்தாள். தேசிங்கு அவளை "அக்கா" என்று கூப்பிட்டான், நம் பக்கத்தில் தன்னைவிட மூத்த பெண்மணியை வேறெப்படிக் கூப்பிடுவது. ஊர் அதைக் கேட்டுவிட்டு, மார்கிட்டுக்கு அவன் மொழியில் அதுதான் பெயர்போல என்று நினைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் கிழவர்கள்கூட கடைத்தெருவில் அவளைப் பார்த்து "அக்கா, மீன் இருக்கு" என்றார்கள்.

கால் வேறு வீட்டுக் கால் ஆனதில் ஆட்டம் வேறாகிவிட்டது. பிறந்ததிலிருந்து வலது காலில் ஆடியவன் இடது காலில் ஆடினான். முட்டி வலி மாயமாகப் போய்விட்டது. அந்தத் தீவில் காற்று பந்தைத் தூக்கிக் கடலில் போட்டுவிடும், அங்கேயே பிறந்தவனுக்குத்தான் தெரியும் எந்த மூலையில் எந்தக் காற்று வரும் என்று, அது தேசிங்குவின் பாதத்துக்குத் தெரிந்திருந்தது. காற்றை நம்பி வெற்றிடத்தில் பந்தை விடுவான், பந்து வளைந்து சொந்த ஆள் காலில் போய் உட்காரும். முதல் மேட்சிலேயே கூட்டத்திலிருந்து யாரோ "யோவ்" என்று கூப்பிட, தேசிங்கு சட்டென்று திரும்பினான். வீட்டில் அமுலு அவனை அப்படித்தான் கூப்பிடுவாள், சண்டையிலும் யோவ், கொஞ்சலிலும் யோவ், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கு ஒரு சந்தோஷம். மைதானம் முழுக்க யோவ், யோவ் என்றது, அவன் கையசைத்தான்.

ஜெயிக்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் ஞாபகமில்லாத காலத்திலிருந்து அடிமட்டத்தில் கிடந்த கிளப் மேலே மேலே போயிற்று. ஊர்க்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை இரவல் கேட்கத் தொடங்கினார்கள். ஒருத்தர் வந்து, யோவ் படகுக் கொட்டகைச் சாவியை எங்கே வைத்தானோ தெரியவில்லை, உங்கள் காலைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்பார். தேசிங்கு எழுந்து நடப்பான், கால் போய் ஒரு பாறையடியில் நிற்கும், கீழே சாவி இருக்கும். காணாமல் போன ஆட்டைத் தேடிக்கொடுத்தான். யோவோடு மனஸ்தாபப்பட்டுப் பேசாமல் இருந்த ஒரு பழைய சிநேகிதன் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் கால் தானாகவே போய் நின்றது. அந்த மனுஷர் கதவைத் திறந்து பாதத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் முதல்ல பேசியிருக்கணும்" என்று அதனிடம் சொல்லி அழுதார், தேசிங்கு என்ன செய்வதென்று தெரியாமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

இதில் இரண்டாவது தப்பு ஒன்றையும் செய்தான், அதுதான் பெரிய தப்பு. தினம் காலையில் பிராக்டிஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நிற்பான், படியிறங்க மனசு வராது. வியாசர்பாடியில் ஓடிய வெறும் மிக்ஸியின் சத்தம் காதில் கேட்டது. ஒரு நாள் தாங்க முடியாமல், "அக்கா, நான் போயிட்டு வரேன்னு சொன்னா நீங்க போயிட்டு வான்னு சொல்லணும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். மார்கிட் பிரியமாகக் கற்றுக்கொண்டாள். தினம் காலையில் இவன் அதைச் சொல்ல, உள்ளேயிருந்து அவள் "போயித்து வா" என்பாள். "ட்" மட்டும் அவளுக்கு வரவில்லை. அவிழ வேண்டிய முடிச்சை இவனே தினம் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினான்.

கோடையின் நடுவில் கிளப்புக்குச் சில நாள் ஓய்வு. ஊருக்குப் போய்வரலாம் என்று டிக்கெட் எடுத்து, பெட்டியோடு துறைமுகத்துக்குப் போனான். ஹானுஸ் தன் காரில்தான் கொண்டுபோய்விட்டார். கப்பலுக்குப் போகிற பலகையில் ஏறினான், பலகையின் மறுமுனையில் காலை வைத்தான், வைத்த இடம் மிதியடி. கையில் பெட்டி, எதிரே மார்கிட், அடுப்பில் ஆட்டுக்கறி. மூன்று தடவை முயற்சி செய்தான். கடைசித் தடவை டிக்கெட் கொடுக்கிறவர் பணத்தை வாங்கவில்லை. "வேணாம் தம்பி, டிக்கெட்டைக் கிழிச்சு என்ன ஆகப்போகுது, நீங்க இந்த ஊரோட செட்டில் ஆயிட்டீங்க" என்றார். அவர் அதை வாழ்த்தாகத்தான் சொன்னார். தேசிங்குவுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அதற்குப் பிறகுதான் மற்றதையெல்லாம் கவனிக்கத் தொடங்கினான். காலையில் எழுந்தால் வலை அறையின் தரையில் ஈரக் கால்தடங்கள், தன் பாதத்தைவிட நீளமானவை, கடல் பக்கமிருந்து வந்து தன் கட்டிலருகில் நிற்பவை, திரும்பிப் போகாதவை. மார்கிட் எடுத்துக் கொடுத்திருந்த யோவின் பூட்ஸ் தொளதொளவென்று இருந்தது போய்க் கச்சிதமாகப் பொருந்தியது. பாதம் போயிற்று, பிறகு கெண்டைக்கால், பிறகு தொடை. உள்ளேயிருந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. வயிற்றுக்கு வந்தபோது, அதுவரை நாற்றம் தாங்காமல் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுக்கிய, அந்தத் தீவில் காற்றில் தொங்கவிட்டுப் புளிக்கவைக்கிற ஆட்டுக்கறி ருசித்தது. நெஞ்சுக்கு வந்தபோது, ரொட்டிக்கடையில் ஒருவர் தீவு மொழியில் ஏதோ சொல்ல, தேசிங்கு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் தனக்கு அந்த மொழி தெரியாது என்று ஞாபகம் வந்தது.

வாரத்துக்கு ஒருநாள் தாரணி போன் போட்டுக் கொடுக்க, அமுலு வேண்டா வெறுப்பாகப் பேசுவாள். அன்றைக்கு தாரணி, "அப்பா, காலைக் காட்டு" என்றாள். காட்டினான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது உன் கால் இல்ல" என்றாள். அமுலு போனைப் பிடுங்கினாள்.

"யோவ்" என்றாள்.

சமையலறையில் மார்கிட் கையிலிருந்த பீங்கான் கோப்பை விழுந்து உடைந்தது. அவள் கதவருகில் வந்து நின்று, போனுக்குள்ளே தன் புருஷனைக் கூப்பிட்ட பெண்ணைப் பார்த்தாள். தேசிங்கு ஒளிக்காமல் எல்லாவற்றையும் அமுலுவிடம் சொன்னான்.

"இன்னா சொன்ன? சாவூட்ல நின்னுகினு போயிட்டு வரேன்னா சொன்ன?" அமுலு தலையிலடித்துக்கொண்டாள். "உனுக்கு அறிவு கீதாய்யா? நீ வந்துகினு கீறன்னு நெனச்சியா? அந்தாளு வந்துகினு கீறாரு, உன் காலுல ஏறி."

"இப்ப இன்னா பண்றது?"

"அந்தக்கா வாயால போன்னு சொல்லணும். வெறும் போ. வா சேர்க்கவே கூடாது. வாய் வரைக்கும் ஏறிட்டா உன்னால கேக்கக்கூட முடியாது, இன்னிக்கே கேளு."

அவன் அன்றைக்குக் கேட்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சீசன் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது, கிளப் முதலிடத்தில் நின்றது, தேசிங்கு இத்தனை வருஷத்தில் எந்த ஊரிலும் கோப்பையைத் தொட்டவனில்லை, பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவன் தூக்குவதைப் பார்த்தவன். வலியில்லாத முட்டி என்பது எப்பேர்ப்பட்ட சுகம் என்று வலித்தவனுக்குத்தான் தெரியும். இன்னும் ஒரு மேட்ச், இன்னும் ஒரு மேட்ச் என்று தள்ளிக்கொண்டே போனான். ஹானுஸும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "கடைசி மேட்ச் வரைக்கும் இருக்கட்டுமே" என்றார். தேசிங்கு சரி என்று தலையாட்டினான்.

கடைசி மேட்ச், ஜெயித்தால் கோப்பை. அன்று காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவன் மகளுக்குப் பேசலாம் என்று போனை எடுத்தான். மகளின் முகம் மனசில் வந்தது, முன்பல் விழுந்த இடம் வந்தது, பெயர் வரவில்லை. கண்ணை மூடித் தேடினான். தீவின் பெண்பிள்ளைகள் பெயர்தான் ஒவ்வொன்றாக நாக்கில் வந்தது. கடைசியில் போனில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, தாரணி என்று வாய்விட்டுச் சொன்னபோது, அது யாரோ ஒருவருடைய பிள்ளையின் பெயராகக் கேட்டது. அவனுக்குக் கோப்பையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது. சமையலறைக்கு ஓடி, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, அமுலுவைக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க வெறும் போன்னு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான். அதுவே பாதி தீவு மொழியில் வந்தது.

மார்கிட்டுக்குச் சொல்லி விளங்கவைக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஈரத் தடங்களைத் தினமும் அவளும்தான் பார்த்திருந்தாள், துடைக்காமல் தாண்டிப் போயிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அவன் காலையே பார்த்தாள்.

"நான் சொன்னா யோவும் போயிடுவான்."

"ஆமாக்கா."

"மேட்ச் தோத்துடும்."

"தோக்கட்டும்க்கா. என் பொண்ணு பேரு மறந்துபோச்சு."

போனிலிருந்து அமுலு பேசினாள், மொழி தெரியாது, ஆனாலும் பேசினாள். "அக்கா, எனுக்குத் தெரியும்க்கா, கஷ்டந்தான். நான் பதில் சொல்லாம விட்டது தப்பு. நான் காலியா உட்ட எடத்த நீங்க எடுத்துக்கினீங்க. குடுத்துடுங்கக்கா."

மார்கிட் கீழே மண்டியிட்டாள். யோவின் பூட்ஸுக்கு அவள் கையாலேயே கயிறு கட்டிவிட்டாள், அவன் இருந்தபோது ஒவ்வொரு மேட்சுக்கும் கட்டிவிட்டதைப்போல. பாதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு "போ" என்றாள். அதில் பிரியம் இருந்தது, பிரியம் இருந்ததால் அது வா என்று கேட்டது, ஒன்றும் நடக்கவில்லை. மார்கிட் எழுந்தாள். முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு, "ட்" வராத அந்த வாயால், ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னாள்.

"போ."

பின்வாசல் கதவு திறந்தது. காற்று இல்லை. மிதியடியில் எதுவும் துடைத்துக்கொள்ளவில்லை. சரிவில் இறங்குகிற காலடிச் சத்தம் கேட்டது, கனமான, நிதானமான, நீளமான காலடி, திட்டிவாசல் வரை கேட்டது, கூழாங்கல்லில் கேட்டது, பிறகு அலைச் சத்தம்தான் இருந்தது. மார்கிட் திரும்பிப் பார்க்கவில்லை.

தேசிங்கு அசையாமல் உட்கார்ந்திருந்தான். போனவன் போய்விட்டான், இவன் இன்னும் வந்தபாடில்லை. அமுலு "யோ..." என்று ஆரம்பித்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சொல்லைச் சொன்னால் இறங்கிப் போனவன் திரும்பி வந்தாலும் வருவான், வியாசர்பாடிக்கே வந்தாலும் வருவான். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், கோயிலில் தேங்காய் உடைக்கிறவள் மூச்சை இழுப்பதைப்போல இழுத்தாள்.

"தேசிங்கு" என்றாள். "வா."

வலது முட்டியில் வலி வெட்டியது. இருபது வருஷமாகப் பழகிய, மழை வந்தால் முன்கூட்டிச் சொல்கிற, அவனுடைய சொந்த வலி. தேசிங்கு முட்டியைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதான், "தாரணி, தாரணி" என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

மேட்ச் ஆடினான், ஆடாமல் எப்படி. முன்வாசல் வழியாக, சாவு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, நொண்டிக்கொண்டு இறங்கிப் போய் ஆடினான். அவன் மைதானத்தில் எடுத்துவைத்த இரண்டாவது அடியிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. யோவ் என்று கூப்பிட வாயெடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கிழவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள், அன்றைக்கு யாரும் அழாமல் முடிந்துபோன சாவை அப்போது உட்கார்ந்து அழுதார்கள், மைதானத்தைச் சுற்றிலும் மூக்குறிஞ்சுகிற சத்தம். தேசிங்கு ஒரேயொரு நல்ல பந்து கொடுத்தான். வலது காலின் வெளிப்பக்கத்தால் தட்டிச் சந்துக்குள் நுழைக்கிற வியாசர்பாடிப் பந்து, அது கோலாயிற்று. எதிராளிகள் இரண்டு போட்டார்கள். கோப்பை வேறு தீவுக்குப் போயிற்று. ஊர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டது என்று சொன்னால் அது பொய். ஹானுஸ் தாடியைப் பிய்த்துக்கொண்டார், ரொட்டிக்கடைக்காரர் தேசிங்குவுக்கு ரொட்டி விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அவன் கிளம்புகிற அன்று எல்லோரும் துறைமுகத்துக்கு வந்தார்கள். வருவதற்கு முன் மார்கிட்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள், இவன் ஊர் வழக்கப்படி இப்படிப்பட்ட இடத்திலிருந்து போகிறவனுக்கு என்ன சொல்லவேண்டும் என்று. ஒன்றும் சொல்லக் கூடாது என்று தேசிங்கு அவளிடம் சொல்லியிருந்தான், அதையே அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். மேட்சுக்கு மேட்ச் தொண்டை கிழியக் கத்தின ஊர், வாயை மூடிக்கொண்டு கரையில் நின்றது. ஹானுஸ் கையால் தாடியோடு சேர்த்து வாயைப் பொத்தியிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் முன்னால் வந்து, துணியில் சுற்றிய சூடான ரொட்டி ஒன்றை அவன் கையில் திணித்துவிட்டு, முறைத்துக்கொண்டே பின்னால் போனார். தேசிங்கு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நாக்கைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, பலகையில் நொண்டி நொண்டி ஏறி, மறுமுனையில் காலை வைத்தான். வைத்த இடத்தில் கப்பல் இருந்தது. சரிவின்மேல் சிவப்புக் கூரை வீட்டில் இரண்டு வாசல்களும் மூடியிருந்தன, புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. அவன் அதற்குமேல் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாசர்பாடியில் வீட்டுக்குள் நுழைந்ததும் தாரணி முதல் வேலையாக அவனைக் கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டைவிரல் நகத்தில் பழைய பந்தடியின் கறுப்பு இருப்பதை அழுத்திப் பார்த்து, "உன்னுதுதான்" என்று சான்றிதழ் கொடுத்தாள். அமுலு வெந்நீர் வைத்தாள்.

மறுநாள் காலையில் பால் இல்லை. தேசிங்கு சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் வாசலைத் தாண்டினான்.

"சொல்லிட்டுப் போ" என்றாள் அமுலு உள்ளேயிருந்து.

அவன் நின்றான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பாலுக்குப் போகிறவன் இப்படிப் பயந்து நடுங்கி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மிக்ஸியில் தேங்காய் ஓடிக்கொண்டிருந்தது. அமுலு அதை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு வாசல்வரை வந்து நின்று, அவன் சொல்லும்வரை காத்திருந்தாள்.

"போயிட்டு வரேன்" என்றான்.

"தேசிங்கு" என்று அவள் கூப்பிட்டது எதிர்வீட்டுக்கும், அடுத்த வீட்டுக்கும், குழாயடியில் குடம் வைத்திருந்தவர்களுக்கும் கேட்டது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "போயிட்டு வா."

தெருமுனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கால் வலப்பக்கம் திரும்பியது. பால் வாங்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே, நேராகத் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.